"இந்த மாத்திரை கேட்குமா டாக்டர்?" மனச்சோர்வு சிகிச்சையில் ரத்தமும் மரபணுவும் மூளைப் படமும் சொல்லும் பதில்கள்

டைஃபாய்டு காய்ச்சல் என்றால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும், எது கேட்காது என்று ஒரு பட்டியலையே வாங்கிவிடலாம். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வீட்டார் முதலில் கேட்பது "இது கேட்குமா?" என்பதைத்தான். நான்கிலிருந்து ஆறு வாரம் போனால்தான் தெரியும் என்பதே அவரிடம் இருக்கும் பதில். வேலைக்குப் போக முடியாமல், சாப்பாடு இறங்காமல், சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஆறு வாரம் என்பது மிக நீண்ட காலம்.

அந்தக் காத்திருப்பின் முடிவில் என்ன கிடைக்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள பெரிய கணக்கு, 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வு. அமெரிக்காவில் சுமார் 4,000 பேருக்கு முதலில் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்கு மருந்தை மாற்றினார்கள் அல்லது கூடுதலாக ஒன்றைச் சேர்த்தார்கள். இப்படி நான்கு படிகள். அறிகுறிகள் ஏறக்குறைய முற்றிலும் நீங்கியவர்கள் முதல் படியில் 37 சதவீதம், இரண்டாவதில் 31, மூன்றாவதில் 14, நான்காவதில் 13. நான்கையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கினர் குணமானதாக அப்போது சொன்னார்கள். அந்தக் கூட்டலில், பாதியில் நின்றுபோனவர்களும் தொடர்ந்தவர்களைப் போலவே குணமாகியிருப்பார்கள் என்ற அனுமானம் கலந்திருந்தது. அதே தரவை மூலத் திட்டத்தின்படி மறுபடி கணக்கிட்டு 2023இல் வெளியிட்டவர்கள் 35 சதவீதம் என்றார்கள். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், முதல் இரண்டு மருந்துகள் தவறினால் மூன்றாவது கேட்கும் வாய்ப்பு சட்டென்று குறைகிறது. முதல் மாத்திரையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வழி தேடும் அவசரம் இதனால்தான் வந்தது.

அந்தத் தேடலில் கிடைத்தவற்றைப் பொதுவாகப் பயோமார்க்கர், தமிழில் குறிப்பான், என்கிறோம். ரத்தத்தில் ஒரு புரதம், ஒரு மரபணு வேறுபாடு, மூளை அலையில் ஒரு வடிவம், ஸ்கேனில் ஒரு பகுதியின் சுறுசுறுப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். செய்தித்தாளில் "மனச்சோர்வு மருந்து பலிக்குமா என்பதை முன்கூட்டியே சொல்லும் சோதனை" என்று தலைப்பு வந்தால் நான் தேடிப் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தச் சோதனையின் விடை மாறினால் எழுதும் மருந்தும் மாறுமா? மாறாது என்றால் அது ஜாதகம் பார்ப்பதற்குச் சமம். நல்லது வரும், கெட்டது வரும் என்று தெரிந்துகொள்ளலாம். செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

இதை ஆய்வாளர்கள் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒருவகைக் குறிப்பான், எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் இவர் தேறுவாரா என்று சொல்லும். மற்றது, இவருக்கு 'அ'வைவிட 'ஆ' நன்றாகக் கேட்கும் என்று சொல்லும். இரண்டாவது வகைதான் மருந்துச்சீட்டுக்குப் பயன்படும். அதைக் கண்டுபிடிக்க ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு போதாது. குலுக்கல் முறையில் குறைந்தது இரண்டு சிகிச்சைகளுக்கு நோயாளிகளைப் பிரித்து, குறிப்பானுக்கு ஏற்ப விளைவு மாறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். வெளியாகும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த வாசலையே தாண்டுவதில்லை.

மூளையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்சிங்குலேட் மடிப்பின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1997இல் ஹெலன் மேபெர்க் குழுவினர், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சுறுசுறுப்பு என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்து, அந்தப் பகுதி சிகிச்சைக்கு முன்பே அதிகம் சுறுசுறுப்பாக இருந்தவர்கள் மருந்தில் தேறினார்கள், மந்தமாக இருந்தவர்கள் தேறவில்லை என்று காட்டினார்கள். பிறகு மூளை அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியிலும், அந்தப் பகுதியிலிருந்து வரும் தீட்டா அலை வலுவாக இருந்தவர்கள் நன்றாகத் தேறுவதாகப் பல ஆய்வுகள் சொல்லின. இந்தத் துறையில் இவ்வளவு முறை மீண்டும் மீண்டும் உறுதியான முடிவு வேறு அதிகமில்லை. ஆனால் அமெரிக்காவில் நான்கு மையங்களில் சுமார் 300 பேரை செர்ட்ராலின், போலி மாத்திரை என்று பிரித்து நடத்திய எம்பார்க் ஆய்வில், 2018இல் வெளியான முடிவின்படி, அந்த அலை வலுவாக இருந்தவர்கள் போலி மாத்திரையிலும் அதே அளவு தேறினார்கள். குறிப்பான் உண்மையானதுதான். யார் தேறுவார் என்று அது சொல்கிறது, எதைக் கொடுக்கலாம் என்று சொல்வதில்லை.

இந்தத் துறைக்கு முதல் பெரிய நம்பிக்கையும் முதல் பெரிய ஏமாற்றமும் டெக்சாமெதசோன் சோதனையில் கிடைத்தன. 1981இல் மிச்சிகனில் பெர்னார்ட் கரோல் குழுவினர் அதை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. மறுநாள் மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம் எடுத்து, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். உடம்பு ஒழுங்காக இருந்தால் கார்ட்டிசால் அடங்கியிருக்கும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் அடங்கவில்லை என்று பொருள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது அடங்கவில்லை. உலகமெங்கும் ஆஸ்பத்திரிகள் இதைச் செய்ய ஆரம்பித்தன. பிறகு ஓட்டைகள் தெரிந்தன. கார்பமசெபின், ஃபெனிட்டாயின் மாதிரியான வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்கு டெக்சாமெதசோன் கல்லீரலில் வேகமாகக் கரைந்துபோகும், அதனால் சோதனை தவறாக 'அடங்கவில்லை' என்று காட்டும். குடிப்பழக்கம், வேகமான எடைக் குறைவு, கட்டுக்குள் வராத சர்க்கரை, மறதி நோய் ஆகியவற்றாலும் அப்படியே ஆகும். எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அது உதவவே இல்லை. சிகிச்சை முடிந்து ஆள் தேறிவிட்டதாகத் தெரிந்தும் கார்ட்டிசால் அடங்காமலே இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்ற ஒரு கண்டுபிடிப்பு மட்டும் நின்றது.

இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை என்று பார்த்தால் சிஆர்பி, மருந்தைக் கரைக்கும் என்சைம் மரபணுக்கள், ரத்தத்தில் மருந்தின் அளவு ஆகியவைதான். மூன்றையும் விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, வெளியே தெரியும் எந்தத் தொற்றும் இல்லாமலே அது சற்று உயர்ந்திருக்கும். 2014இல் ருடால்ஃப் உஹர் குழுவினர், ஜென்டெப் என்ற ஐரோப்பிய ஆய்வில் எஸ்சிட்டலோபிராமோ நார்ட்ரிப்டிலினோ (இரண்டும் வெவ்வேறு வகை மனச்சோர்வு மருந்துகள்) 12 வாரம் எடுத்த 241 பேரின் பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். சிஆர்பி லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம், மனச்சோர்வின் கடுமையை அளக்கும் மாண்ட்கோமரி-ஆஸ்பெர்க் அளவுகோலில் 3 புள்ளி கூடுதலாகக் கேட்டது. அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்ட்ரிப்டிலின் 3 புள்ளி கூடுதலாகக் கேட்டது. ஒரு பக்கம் ஒரு மருந்து, மறுபக்கம் மற்றது வெல்லும் அழகான குறுக்குக்கோடு. நான் மேலே சொன்ன இரண்டாவது வகைக் குறிப்பான் இப்படித்தான் இருக்க வேண்டும். 2017இல் அமெரிக்காவின் கோ-மெட் ஆய்விலிருந்து 106 பேரின் முடிவு வந்தது. 1 மி.கி.க்குக் கீழே இருந்தவர்களில் எஸ்சிட்டலோபிராம் மட்டும் எடுத்தவர்களில் 57 சதவீதம் குணமானார்கள், அதோடு புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் 30 சதவீதம். 1 மி.கி.யும் அதற்கு மேலும் இருந்தவர்களில் நிலைமை தலைகீழ்: எஸ்சிட்டலோபிராம் மட்டும் 33, புப்ரோபியானோடு சேர்த்து 51.

காரணம் என்னவாக இருக்கும்? அழற்சிப் புரதங்கள் மூளையில் டோபமைன் உற்பத்தியைக் குறைக்கின்றன, செரோடோனின் தயாரிக்க உதவும் டிரிப்டோஃபானை கைனுரெனின் என்ற வேறு பாதைக்குத் திருப்பிவிடுகின்றன. செரோடோனினை மட்டும் குறிவைக்கும் மருந்து அங்கே தடுமாறலாம். நார்எபினெஃப்ரினையும் டோபமைனையும் தொடும் மருந்துக்கு வேலை இருக்கலாம். இது பொருத்தமான விளக்கம், நிரூபிக்கப்பட்ட விளக்கம் என்று சொல்ல முடியாது. இன்னொரு திசையிலிருந்தும் ஒரு தடயம் உண்டு. 2013இல் அட்லாண்டாவில், பல மருந்துகளுக்கும் கேட்காத 60 பேரில் பாதிப்பேருக்கு அழற்சியை அடக்க மூட்டுவாதத்துக்குத் தரும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியை மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். மொத்தத்தில் உப்புநீர் ஊசியைவிட அது மேலாக இல்லை. சிஆர்பி 5 மி.கி.க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. குறைவாக இருந்தவர்கள் உப்புநீரில்தான் அதிகம் தேறினார்கள்.

இனி லேபில் நடப்பது. சாதாரண சிஆர்பி சோதனை தொற்றைக் கண்டுபிடிக்க உருவானது. பல லேப்களில் அதன் முடிவு "5க்குக் கீழே" என்று மட்டும் அச்சாகி வரும். நமக்கு வேண்டிய எல்லைக்கோடு 1. அதனால் மிகக் குறைந்த அளவையும் அளக்கும் எச்எஸ்-சிஆர்பி என்று சீட்டில் தெளிவாக எழுதி வாங்க வேண்டும். அடுத்து அலகு. சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன, சில டெசிலிட்டருக்கு. 0.3 என்று பார்த்துவிட்டு "குறைவு, நல்லது" என்று நினைத்தால், அது டெசிலிட்டர் கணக்காக இருந்தால் லிட்டருக்கு 3 மி.கி. எல்லைக்கோட்டின் மறுபக்கம். இந்தப் பத்து மடங்குத் தவறு மிகச் சுலபமாக நடக்கக்கூடியது.

10 மி.கி.க்கு மேல் வந்தால் சளி, பல் ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று என்று ஏதோ ஒன்று இருக்கலாம். அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். தடுப்பூசி போட்ட வாரத்திலும் கடுமையான உடற்பயிற்சிக்கு மறுநாளும் எடுத்தால் பயனில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிஆர்பியை உயர்த்தும், கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் குறைக்கும். இதய நோய் வல்லுநர்கள் இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்வது, ஒரே ஆளுக்கே இந்த எண் வாரத்துக்கு வாரம் ஆடும் என்பதால்தான். 0.8 என்று வந்தவர் அடுத்த முறை 1.3 என்று வரலாம், அதற்காக மருந்தை மாற்ற முடியாது.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். வயிற்றுக் கொழுப்பு அதிகமானால் சிஆர்பியும் ஏறும். லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஐரோப்பியரைவிட அது சற்று அதிகம் என்றும், அதற்குப் பெரும்பாலும் இடுப்புக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும்தான் காரணம் என்றும் முன்பே கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த 1 என்ற கோட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் நம் ஊரில் பாதிப்பேருக்கு மேல் மறுபக்கம் விழுந்துவிடலாம். நார்ட்ரிப்டிலினையும் புப்ரோபியானையும் சும்மா எழுதிவிடவும் முடியாது. முன்னதற்கு இசிஜி பார்க்க வேண்டும், அளவு மீறி விழுங்கினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே எடுக்கும். பின்னதை வலிப்பு உள்ளவருக்கும், உண்ணும் கோளாறு உள்ளவருக்கும் தரக்கூடாது. என் கருத்து இது: இரண்டு மருந்தில் எதைக் கொடுத்தாலும் சரி என்று மருத்துவர் தயங்கும் இடத்தில் சிஆர்பியைத் தராசின் ஒரு பக்கம் சிறு கல்லாக வைக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவெடுக்கும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை.

மரபணுச் சோதனையில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் ஒரே அறிக்கையில் கலந்து வருகின்றன. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, மருந்தை உடம்பு எவ்வளவு வேகமாகக் கரைக்கிறது என்று சொல்லும் என்சைம் மரபணுக்கள். இவை வலுவான அறிவியல். மற்றது, மூளையில் மருந்து வேலைசெய்யும் இடத்தின் மரபணுக்கள், அதாவது செரோடோனின் கடத்தியின் எஸ்எல்சி6ஏ4, செரோடோனின் ஏற்பியின் எச்டிஆர்2ஏ ஆகியவை. இவற்றைப் பற்றி இருபது வருடமாக நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்திருக்கின்றன. மரபணுவுக்கேற்ற மருந்து அளவு பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிடும் சிபிக் அமைப்பு 2023இல் இந்த இரண்டையும் அலசி, இவற்றை வைத்து மருந்து தேர்ந்தெடுக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. அறிக்கையில் இந்தப் பெயர்களுக்கு நேராக எந்த நிறம் இருந்தாலும் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

வலுவான பக்கத்தில் நமக்கு முக்கியமானது சிஒய்பி2சி19. எஸ்சிட்டலோபிராம், சிட்டலோபிராம் இரண்டையும் பெருமளவு கரைப்பது இந்த என்சைம்தான். செர்ட்ராலினுக்கும் பங்கு உண்டு. அறிக்கையில் நட்சத்திரக் குறியோடு எண்கள் வரும். *1 என்றால் இயல்பான பிரதி, *2 அல்லது *3 வேலை செய்யாத பிரதி, *17 கூடுதல் வேகப் பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. *1/*1 இயல்பு, *1/*2 இடைநிலை, *2/*2 மிக மெதுவாகக் கரைப்பவர், *17/*17 மிக வேகமாகக் கரைப்பவர்.

புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களிடம் இந்த மரபணுவை 2003 வாக்கிலேயே பார்த்துவிட்டார்கள். வேலைசெய்யாத *2 பிரதி சுமார் 38 சதவீதம் என்று கண்டார்கள். ஐரோப்பியரிடம் இது சுமார் 15 சதவீதம். இரண்டு பிரதியும் செயலற்றுப்போனவர்கள் ஐரோப்பாவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். நம்மிடம், கணக்குப்படி, ஆறேழு பேரில் ஒருவர். அவர்களுடைய ரத்தத்தில் அதே 10 மி.கி. எஸ்சிட்டலோபிராம் மற்றவர்களைவிடப் பல மடங்கு ஏறி நிற்கும். குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை என்று பத்தாவது நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, "எனக்கு இந்த மருந்தே ஒத்துக்கல" என்று சொல்பவர்களில் இவர்களும் இருப்பார்கள்.

இது வெறும் ஊகமல்ல. ஓஸ்லோவில் எஸ்சிட்டலோபிராம் எடுத்த 2,087 பேரின் ரத்த அளவையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2018இல் ஒரு ஆய்வு வெளியானது. இரண்டு பிரதியும் செயலற்றவர்களுக்கு மருந்தளவு 3.3 மடங்கு. ஒரு வருடத்துக்குள் வேறு மருந்துக்கு மாறியவர்களும் அவர்களில் 3.3 மடங்கு அதிகம். மறுமுனையில் *17/*17 உள்ளவர்களிலும் மாறியவர்கள் 3 மடங்கு. ஒரு சாரார் மருந்து கூடிப்போய் மாறினார்கள், மற்றவர்கள் போதாமல் மாறினார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன். மிக மெதுவாகக் கரைப்பவர்களுக்கு சிபிக் சொல்வது: இந்த என்சைமை நம்பாத வேறு மருந்தைப் பார்க்கலாம், இல்லையென்றால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றி, வழக்கமான தொடர் அளவில் பாதியோடு நிறுத்தலாம். சிட்டலோபிராமுக்கு இவர்களுக்கு ஒரு நாளைக்கு 20 மி.கி.க்கு மேல் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே சொல்கிறது, இசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளி நீண்டு இதயத் துடிப்பு குலையலாம் என்பதால். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் அதே வரம்பு.

இங்கே மரபணு அறிக்கை சொல்லாத ஒன்று உண்டு. வயிற்றெரிச்சலுக்கு நாம் மாதக்கணக்கில் விழுங்கும் ஒமேப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டும் இதே 2சி19 என்சைமை முடக்கும். ஒமேப்ரசோல் சேர்ந்தால் எஸ்சிட்டலோபிராம் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அறிக்கையில் *1/*1 என்று இருப்பவர்கூட நடைமுறையில் மெதுவாகக் கரைப்பவராகிவிடுவார். மருந்தைக் கரைக்கும் இன்னொரு என்சைமான சிஒய்பி2டி6க்கும் இதே கதை. ஃப்ளூஆக்சிடின், பராக்சிடின், புப்ரோபியான் மூன்றும் அதை முடக்கும். அதனால் அறிக்கையைக் கையில் எடுக்கும் முன்பு நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரையையும் எழுதிப் பார்க்க வேண்டும், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்குவதையும் சேர்த்து. மருந்துச்சீட்டில் மனநல மருத்துவருக்குத் தெரியாமல் போவது பெரும்பாலும் இந்த வயிற்று மாத்திரைதான்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மருந்துகளை அடுக்கித் தரும் பேக்கேஜ் சோதனைகள் எவ்வளவு உதவுகின்றன? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,944 பேரிடம் நடந்த பிரைம் கேர் ஆய்வு 2022இல் வெளியானது. அறிக்கையைப் பார்த்து மருந்து எழுதிய குழுவில், மரபணுவோடு மோதும் மருந்து எழுதுவது தெளிவாகக் குறைந்தது. குணமானவர்களின் எண்ணிக்கை இடையில் கொஞ்சம் கூடியிருந்தாலும், 24ஆம் வாரத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. குறிப்பிட்ட மருந்து பலிக்கும் என்று சொல்லும் மரபணுச் சோதனைகளின் உரிமைகோரல்கள் நிரூபிக்கப்படவில்லை என்று எஃப்டிஏ 2018லேயே எச்சரித்திருந்தது. இந்தச் சோதனையால் அதிகம் பயன் கிடைப்பது ஏற்கெனவே ஒன்றிரண்டு மருந்தில் பக்கவிளைவால் தவித்தவர்களுக்குத்தான் என்பது என் எண்ணம். எடுத்துவிட்டால் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள், மரபணு மாறாது. நாளைக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரெல் எழுதினால், அதை உடம்பில் வேலை செய்யவைப்பதும் இதே 2சி19தான். *2/*2 உள்ளவருக்கு அந்த மருந்து சரியாக வேலை செய்யாது, இதய மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மரபணுவைவிட நேரடியானது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. நார்ட்ரிப்டிலினுக்கு மில்லிலிட்டருக்கு 50 முதல் 150 நானோகிராமுக்குள் இருந்தால்தான் பலன், அதற்குக் கீழேயும் மேலேயும் பலன் குறைகிறது என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் மேரி ஆஸ்பெர்க் குழுவினர் 1971லேயே காட்டிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இது நிற்கிறது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்று செரோடோனினைக் குறிவைக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளுக்கு அளவுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு இறுக்கமானதல்ல. ஆனாலும் எஸ்சிட்டலோபிராமுக்கு 15 முதல் 80, செர்ட்ராலினுக்கு 10 முதல் 150 என்று ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் நிபுணர் குழு எல்லை வகுத்திருக்கிறது. எடுக்கும் முறை முக்கியம். அளவை மாற்றி ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் அன்றைய மாத்திரையைப் போடும் முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். கடைசியாகப் போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டில் குறிக்க வேண்டும். மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்தால் எண் உச்சத்தில் நிற்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நம் ஊரில் எல்லா லேபிலும் இது கிடைப்பதில்லை என்பது வருத்தம்தான். அளவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தால் மரபணு பேச வேண்டியதில்லை. நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டார், அதைத் திட்டாமல் கேட்க வேண்டும்.

மூளை ஸ்கேன்களைப் பற்றிய செய்திகள்தான் அதிகம் வருகின்றன, இருந்தாலும் சிகிச்சை அறையில் இன்று அவற்றால் ஆவது குறைவு. 2013இல் எமரி பல்கலைக்கழகத்தில், சிகிச்சைக்கு முன் எடுத்த பெட் ஸ்கேனில் வலது முன் இன்சுலா என்ற மூளைப் பகுதி மந்தமாக இருந்தவர்கள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் தேறினார்கள், சுறுசுறுப்பாக இருந்தவர்கள் எஸ்சிட்டலோபிராமில் தேறினார்கள் என்று கண்டார்கள். மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா என்று சொல்லக்கூடிய உண்மையான குறுக்குக்கோடு. அந்த முடிவு நின்றது 38 பேரின் மேல். 2017இல் மூளைப் பகுதிகளுக்கு இடையேயான இணைப்புகளைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனை வைத்து மனச்சோர்வை நான்கு வகையாகப் பிரித்து, எந்த வகைக்கு காந்தத் தூண்டல் சிகிச்சை கேட்கும் என்று சொன்ன கட்டுரை பெரிய பரபரப்பைக் கிளப்பியது. 2019இல் வேறொரு குழு அதே முறையை வேறு நோயாளிகளிடம் செய்து பார்த்தபோது அந்த வகைகள் நிலைக்கவில்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகளை சில நூறு பேரிடம் அளந்தால், கணினி எதையாவது ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தே தீரும். தலை சற்று அசைந்தாலும், ஸ்கேனரின் மாடல் மாறினாலும் எண்கள் மாறும். 2024இல் ஸ்டான்ஃபோர்டின் லீன் வில்லியம்ஸ் குழுவினர் 801 பேரை ஆறு வகையாகப் பிரித்தார்கள், சிந்தனைப் பணியின்போது சில பகுதிகள் அதிகமாக உழைக்கும் வகையினருக்கு வென்லாஃபாக்சின் நன்றாகக் கேட்டது என்றார்கள். ஒவ்வொருவரையும் தனியாக ஒரே அளவுகோலில் மதிப்பிடும் அந்த முறை எனக்கு நம்பிக்கை தருகிறது. இனி வேண்டியது, வகையை முதலில் பார்த்து அதற்கேற்ப மருந்து கொடுத்து ஒப்பிடும் ஆய்வு.

"70 சதவீதம் துல்லியம்" என்று ஒரு சோதனையை விளம்பரப்படுத்தினால் அதன் பொருள் என்ன என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பேருக்கு ஒரு மருந்து கொடுத்தால் 33 பேர் குணமாவார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதனை இரு பக்கமும் 70 சதவீதம் சரி. குணமாகப் போகும் 33 பேரில் 23 பேருக்கு 'கேட்கும்' என்று வரும். குணமாகாத 67 பேரில் 20 பேருக்கும் தவறாக 'கேட்கும்' என்றே வரும். ஆக 'கேட்கும்' என்று வந்த 43 பேரில் உண்மையாகக் கேட்பது 23 பேருக்கு, பாதியைவிடக் கொஞ்சம் கூட. 'கேட்காது' என்று வந்த 57 பேரில் 10 பேர் அந்த மருந்திலேயே குணமாகியிருப்பார்கள். அவர்களுக்கு மருந்தை மறுத்துவிட்டு எதைக் கொடுப்போம் என்பதற்குப் பதில் இல்லாமல் இந்தச் சோதனையை விற்கக்கூடாது.

எந்த விலையுயர்ந்த சோதனையும் முதலில் வெல்ல வேண்டிய போட்டியாளர் ஒன்று உண்டு: இரண்டாவது வாரத்தின் மதிப்பெண். பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை மாத்திரை தொடங்கும் நாளிலும் பதினான்காம் நாளிலும் நிரப்பினால் போதும், 0 முதல் 27 வரை மதிப்பெண். மருத்துவர் கேட்டு மதிப்பிடும் ஹாமில்டன் அளவுகோலை வைத்து 6,562 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வாரத்துக்குள் 20 சதவீதம்கூடக் குறையாதவர்கள் அதே மருந்தில் பின்னால் நிலையாகத் தேறுவது அரிதாக இருந்தது. அந்த 20 சதவீதத்தைப் பிஎச்க்யூ-9க்கு உத்தேசமாகக் கொண்டுவந்தால், 18இல் தொடங்கியவர் நான்கு புள்ளியாவது இறங்கியிருக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். கட்டணமில்லா டெலி மானஸ் எண் 14416, எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

இவ்வளவு நல்ல முன்னறிவிப்பு இருந்தால் பதினான்காம் நாளே மருந்தை மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஜெர்மனியில் அதைச் செய்தே பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், 889 பேரில் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லாத 192 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே மருந்தை மாற்றினார்கள், மறு பாதிக்கு வழிகாட்டுதல்படி அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். எட்டாம் வார முடிவில் குணமானவர்கள் 24 சதவீதமும் 16 சதவீதமும். புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. கேட்காது என்று சரியாகத் தெரிந்தும், எதற்கு மாற்றுவது என்று தெரியவில்லை என்றால் பலன் இவ்வளவுதான்.

அதனால் பதினான்காம் நாள் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் நான் மருந்தின் பெயரை மாற்றச் சொல்வதற்கு முன்பு கேட்பது வேறு. மாத்திரை தினமும் உள்ளே போகிறதா? அளவு முழு அளவுக்கு ஏறியிருக்கிறதா, பாதியிலேயே நிற்கிறதா? இரவில் குடிக்கிறாரா? தைராய்டுக்கு டிஎஸ்எச் பார்த்தாயிற்றா, பால், முட்டையும் அதிகம் சேர்க்காத சைவக்காரர் என்றால் பி12 பார்த்தாயிற்றா, மாதவிடாய் அதிகம் போகும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின்? முன்பு எப்போதாவது நாலைந்து நாள் தூங்காமலே உற்சாகமாகச் சுற்றிய காலம் உண்டா? இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், மருந்தின் திசையே வேறு. ரத்த உறவில் யாருக்காவது எந்த மருந்து கேட்டது? இவற்றுக்கெல்லாம் விடை வந்த பிறகும் மருந்து வேலை செய்யாமல் இருந்தால், 2சி19 சோதனைக்கும், கிடைக்கும் ஊரில் ரத்த அளவுச் சோதனைக்கும் பணம் செலவழிக்க அதுதான் சரியான நேரம். மாற்றுவது என்று முடிவானால் அதை மருத்துவர் சொல்லும் படிப்படியான குறைப்போடுதான் செய்ய வேண்டும். குறிப்பாக பராக்சிடினையும் வென்லாஃபாக்சினையும் ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்தது மாதிரி உதறல், அழுகை எல்லாம் வரும். அதை நோய் திரும்பிவிட்டது என்று தவறாக எடுத்துக்கொண்டு அடுத்த மருந்தின் மேல் பழி போடுவது அடிக்கடி நடக்கிறது.